வர இயலாதோர் வரிசை

பிரிசில்லா ஆண்டைத் தட்டி முடிப்பதற்குள் கட்டம் சிவந்துபோனது. "இந்தத் தேதி செல்லாது" என்றது திரை. அவளே எழுதிவைத்த வாசகம்தான். ஐந்து வருடத்துக்கு அப்பால் யாரும் எந்த விழாவுக்கும் நாள் குறிக்கப்போவதில்லை என்று நினைத்து அவளே போட்ட வரம்பு. இப்போது அவள் கொடுத்துப் பார்த்த ஆண்டில், அந்த அறையில் இருந்த ஒருவரும் உயிரோடு இருக்கப்போவதில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது 'கூடல்' நிறுவனம். தெற்கத்திச் சீமையின் பாதி விழாக்கள் அவர்களுடைய இணையச் செயலி வழியாகத்தான் நடந்தன. கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, கந்தூரி, கல்யாண வரவேற்பு என்று எதுவானாலும் நடத்துகிறவர் நாளையும் இடத்தையும் போட்டு, யார் யார் வரலாம் என்று டிக்கெட் உருவாக்கிக்கொள்வார். டிக்கெட் உருவாக்கும் அந்தப் பகுதி முழுக்கப் பிரிசில்லாவின் கைவேலை. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை இலை போட வேண்டும் என்ற கணக்கைத் தாண்டி டிக்கெட்டைப் பற்றி அவள் அதுவரை யோசித்ததே இல்லை.

முதலாளி காசிராஜனை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்தான் இந்த வேலையைக் கொண்டுவந்தார்.

"தேதிக் கட்டத்தக் கொஞ்சம் நீட்டிவிட்டாப் போதுமாம்மா. சின்ன வேலைதான்" என்றார், பக்கத்தில் நின்றிருந்த விண்வெளி நிலையத்து அதிகாரியைப் பார்த்துக்கொண்டே.

அதிகாரியின் பெயர் வேங்கடவரதன். சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாத மனிதர். 'முந்நீர்' என்ற கப்பல் அந்தக் கோடையில் புறப்படப்போவது ஊருக்கெல்லாம் தெரியும். உடன்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்து கிளம்பி, வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் ஒரு கிரகத்துக்குப் போய், அங்கே விதைகளை நட்டுவிட்டுத் திரும்பி வருவதாகத் திட்டம்.

"கப்பல் கிட்டத்தட்ட ஒளியோட வேகத்துல போகும். அந்த வேகத்துல உள்ள இருக்கறவங்களுக்கு நேரம் மெதுவா ஓடும். போயிட்டு வர அவங்களுக்கு ஏழெட்டு வருஷம். நமக்கு இங்க நூறு வருஷத்துக்கு மேல" என்றார் அவர்.

"அப்ப அவங்க வந்து இறங்கும்போது..." என்று இழுத்தான் மைதீன். பிரிசில்லா எழுதுவதையெல்லாம் உடைத்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவன் வேலை.

"நாம யாரும் இருக்க மாட்டோம். அதுதான் இப்ப பிரச்சினை. பயிற்சியில எல்லாத்தையும் தாங்கிட்டாங்க. இருட்டுல இருந்தாங்க, பட்டினி கிடந்தாங்க. மனநல மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். திரும்பி வந்து கதவு திறக்கறப்போ வெளியில யார் நிப்பாங்கன்னு. ஒருத்தராலயும் பதில் சொல்ல முடியல. ரெண்டு பேர் அன்னிக்கே விலகிட்டாங்க."

அதனால்தான் வரவேற்பு விழா. கப்பல் வந்திறங்கும் செம்மணல் மேடான தேரிக்காட்டில், நூறு வருடத்துக்கு அப்பால் ஒரு நாள். பயணிகள் ஒவ்வொருவரும் போவதற்கு முன்பே தங்கள் விருந்தினர்களுக்கு டிக்கெட் உருவாக்கிவிட்டுப் போவார்கள். வாசலில் நமக்கென்று சிலர் நிற்பார்கள் என்ற நினைப்போடு கிளம்புவார்கள்.

தேதிக் கட்டத்தை நீட்டுவது உண்மையிலேயே சின்ன வேலைதான். அன்று மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த கட்டம்தான் பெரிய வேலையாகிப்போனது.

அடுத்த வாரம் அதைப் பார்க்க ஒரு பயணி நேரில் வந்தார். டாக்டர் இசக்கியம்மாள், தாவர விஞ்ஞானி. நாற்பதைத் தாண்டியவர். சாயம் போன பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. இன்னொரு நட்சத்திரத்துக்குப் போகிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்ததும் பிரிசில்லாவின் நாற்காலியில் உட்கார்ந்து, விழாவின் பெயர், நாள், இடம் எல்லாவற்றையும் நிரப்பினார். 'விருந்தினர் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. சுட்டிக் கோடு அந்தக் கட்டத்துக்குள் மின்னி மின்னி மறைந்தது.

"என்ன போட?" என்று கேட்டார்.

பிரிசில்லாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் சூடாகிவிட்டது. "பேர் கட்டாயம் இல்லன்னு மாத்திருதேன் மேடம்."

"மேடம் என்ன மேடம். அக்கான்னு சொல்லு. பேர் இல்லாம எப்படிக் கொடுப்ப?"

"கைமாத்திக் கைமாத்திப் போற டிக்கெட்டா வச்சிரலாம்க்கா. இப்ப ஒருத்தர் வாங்கி வச்சுக்கிடுவாவ. அவியளுக்கு வயசானதும், தனக்குப் பிறகு பிறந்த ஒருத்தர்கிட்ட கொடுப்பாவ. அவிய இன்னொருத்தர்கிட்ட. கடைசியா கையில வச்சிருக்கவங்க உங்க வாசல்ல வந்து நிப்பாவ."

மைதீன் நாற்காலியைத் திருப்பினான். "அது நியாயமா பிரிசில்லா? இன்னும் பிறக்கவே இல்லாத பிள்ளை. அது தலையில இப்பவே ஒரு வேலையக் கட்டிவிடுதோம். நீ அன்னைக்கு அந்த மணல்ல போய் நிக்கணும்னு சொல்ல நாம யாரு?"

இசக்கியம்மாள் பிரிசில்லாவைப் பார்த்தார். "இவன் சொல்லுதது சரிதான். வேண்டாம்னு சொல்ல அதுக்கு வழி இருக்கணும்."

அப்படித்தான் அந்த டிக்கெட்டில் 'வேண்டாம்' என்ற பொத்தான் வந்தது. எந்தத் தலைமுறையில் யார் அழுத்தினாலும், ஏன் என்று கேட்காமல் டிக்கெட் அவர் கையை விட்டுப் போய்விடும். விருப்பமுள்ள வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

இசக்கியம்மாள் அதன்பின் அடிக்கடி வந்தார். பயிற்சி இல்லாத நாட்களில் பஸ் பிடித்து வந்து, வாங்கிவந்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டு, மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு நாள் பெயரில்லாத டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் உருவாக்கி முடித்தபின்னும் எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு பிரிசி. ஆனா மனசு ஆறல."

"என்னக்கா குறையுது?"

"முகம் தெரியாதவங்களையெல்லாம் கூப்பிட்டுட்டேன். என்னை வளத்த எங்க அத்தையக் கூப்பிடல. என் கூடவே படிச்ச கலாவதியக் கூப்பிடல. வர மாட்டாங்கன்னு தெரியும். அதுக்காகக் கூப்பிடாம விட்டா எப்படி? நம்ம வீட்டுக் கல்யாணத்துல, படுத்த படுக்கையா கிடக்கவங்களுக்கும் போய்ப் பத்திரிகை வைப்போம்லா?"

பிரிசில்லா அன்று வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஆபீசுக்கு வந்ததும் டிக்கெட் வகைகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். 'வர இயலாதவர்.' இந்த டிக்கெட் கைமாறாது. பெயர் கட்டாயம் வேண்டும். விழா நாளில் அந்தப் பெயருக்கென்று ஓர் இருக்கை போடப்படும். அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

இசக்கியம்மாள் அத்தையின் பெயரைத் தட்டினார். திரையில் தேரிக்காட்டின் வரைபடம் விரிந்து, சிவந்த மணலில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தோன்றியது. அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் இது என் வீட்டு விசேஷம் மாதிரி இருக்கு" என்றார்.

வேங்கடவரதனுக்கு இது பிடிக்கவில்லை. "கதவு திறந்ததும் காலி நாற்காலியா தெரிஞ்சா அவங்க மனசு என்ன ஆகும்? ஆறுதலுக்காக ஆரம்பிச்ச விழா சார் இது" என்று அண்ணாச்சியிடம் குரல் உயர்த்தினார். பயணிகள் எல்லோரும் ஒரே குரலாக அந்த வகை வேண்டும் என்று நின்றதால் அவரால் எடுக்கச் சொல்ல முடியவில்லை. பயணிகளுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டுப் போனார்.

பொதுமக்களுக்கும் பதிவைத் திறந்துவிடும் நாள் வந்தது. கைமாறும் டிக்கெட்டை வைத்திருக்க விரும்புகிறவர்கள் கேட்டுப் பெறலாம் என்று நிலையம் அறிவித்திருந்தது. சில ஆயிரம் பேர் வந்தால் அதிகம் என்று எதிர்பார்த்தார்கள். அன்று காலை பிரிசில்லா அண்ணாச்சியின் அறைக்குப் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, அந்த வர இயலாதவர் வகையையும் எல்லாருக்கும் திறந்து விடட்டுமா?"

"வேண்டாம்னு அந்த ஆள் சொல்லியிருக்காருல்லா?"

"சொன்னாரு. ஆனா அது மட்டும் மத்தவங்களுக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

காசிராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். "நான் இதுவரைக்கும் எந்த விசேஷத்துலயும் ஆளப் பாத்து இலை போட்டதில்ல. திறந்து விடு. கேட்டா நான் பேசிக்கிடுதேன்."

முதல் சில நிமிடங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வரைபடத்தில் பயணிகள் போட்ட புள்ளிகள் மட்டும் ஒரு பிடி அரிசி சிந்தியதுபோலக் கிடந்தன. பிறகு மணப்பாட்டிலிருந்து ஒரு மீனவர் தன் பெயரைப் பதிந்தார். அடுத்து பரமக்குடியிலிருந்து ஒரு கணவன் மனைவி, பக்கத்து பக்கத்து இருக்கை. தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து, அடுத்தடுத்த கட்டில்காரர்களாக இருக்க வேண்டும், ஒரு வரிசையே வந்தது. அப்புறம் புள்ளிகளை எண்ண முடியவில்லை. யாழ்ப்பாணம், பினாங்கு, டர்பன். பெயரே படிக்கத் தெரியாத மொழிகள். மைதீன் எழுந்து நின்றுவிட்டான்.

"கைமாறுற டிக்கெட்டு யாரும் கேக்கலியா?" என்றாள் பிரிசில்லா.

"கேக்காங்க. அது ஒரு பக்கம் நல்லாத்தான் போகுது. ஆனா இதப் பாரு. பத்துல ஒம்பது பேரு இதத்தான் கேக்காங்க."

தேரிக்காட்டின் எல்லையைப் புள்ளிகள் தொட்டன. அதற்குமேல் இடமில்லை என்று வரைபடம் நிற்க வேண்டும். ஆனால் பிரிசில்லா இருக்கைகளுக்கு உச்சவரம்பு போட மறந்திருந்தாள். வரைபடம் தானாகவே பின்வாங்கி இன்னும் நிலத்தைக் காட்டியது. புள்ளிகள் பனங்காட்டைத் தாண்டின, தார்ச்சாலையைத் தாண்டின, ஊர்களுக்கு மேலே படர்ந்தன, கடற்கரைக்கு வந்து நீரின்மேலும் பரவின. எல்லோரும் தங்களால் போகவே முடியாத ஒரு விழாவுக்குத் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் வாங்கும் ஆபீஸ் அறை என்பதே பிரிசில்லாவுக்கு மறந்துபோனது. பெரிய கோயில் வாசலில், கதவு திறக்கும் நேரத்தில் நிற்கிற மாதிரி உடம்பு சிலிர்த்தது. பல் ஆஸ்பத்திரியிலிருந்து மேலே வந்த நர்சு, கேட்க வந்ததை மறந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வேங்கடவரதன் மத்தியானம் வந்தார். படியேறும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. காசிராஜன் எழுந்து எதிரே போனார். ஆனால் அதிகாரி அவரைத் தாண்டித் திரையைப் பார்த்தார். நெடுநேரம் நின்றார். அவருடைய கைக்குட்டை கைக்குள் கசங்கியது.

"இது..." என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பிரிசில்லாவிடம் குனிந்தார். "ஏற்கெனவே போயிட்டவங்களுக்கும் உண்டா?"

அவள் யோசித்தாள். பெயர் வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

"உண்டு சார்."

அவர் ஒரு பெயரைச் சொன்னார். பெண்பிள்ளையின் பெயர். பிரிசில்லா யாரென்று கேட்கவில்லை. புள்ளி தோன்றியதும், "தேங்க்ஸ்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த கோபத்தை மாடியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

புறப்பாட்டுக்கு முந்தைய வாரம் இசக்கியம்மாள் பிரிசில்லாவைத் தேரிக்காட்டுக்குக் கூட்டிப்போனார். வெயில் தாழ்ந்திருந்தது. செம்மண் மேடுகள் அலை அலையாகக் கண்ணுக்கெட்டும் வரை கிடந்தன. காற்று மணலைத் தூக்கிக் கோடு கோடாக எழுதிக்கொண்டிருந்தது. இத்தனை கோடி இருக்கையை எப்படிப் போடுவது என்று நிலையத்தில் கூடிப் பேசி, நாற்காலிக்குப் பதில் இந்த மணலுக்குள்ளேயே அடங்கும்படி ஆளுக்கொரு வெள்ளைக் கூழாங்கல் என்று முடிவாகியிருந்தது. வருகிற தலைமுறைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து வைக்கட்டும்.

"மேல இருந்து இறங்கும்போது எப்படித் தெரியும்க்கா?"

"வெள்ளையாத் தெரியும். மேகம் தரையில படுத்துக் கிடக்காப்ல." இசக்கியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் கால் புதைய நடந்தார். "கதவத் திறந்து இதப் பாத்தா ஒருத்தனுக்கும் பேச்சு வராது. நம்மள வழியனுப்புன அத்தன பேரும் வந்து உக்காந்திருக்காங்கன்னு தோணும். நீ பெரிய காரியம் பண்ணியிருக்க பிரிசி."

"நான் ஒரு கட்டந்தான்க்கா சேத்தேன்."

அவர் சிரித்தார். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

முந்நீர் ஒரு காலைப் பொழுதில் கிளம்பியது. பிரிசில்லா ஆபீஸ் மொட்டைமாடியில் இருந்து பார்த்தாள். தென்கிழக்கே ஒரு வெளிச்சக் கீற்று நேராக எழுந்து, வெயிலோடு வெயிலாகக் கரைந்தது. சத்தம் வெகுநேரம் கழித்து, தூரத்து இடிபோல வந்தது. கீழே தெருவில் எல்லா வண்டிகளும் நின்றிருந்தன. யாரோ முகம் தெரியாத ஒருவர் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சில நாள் கழித்து, வழக்கம்போலக் கோளாறுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த மைதீன் அவளைக் கூப்பிட்டான்.

"ஒரு டிக்கெட்டு உருவாகாம நிக்குது. விழா நடத்துறவரே விருந்தினரா இருக்க முடியாதுன்னு நாம ஆரம்பத்துல ஒரு விதி போட்டிருக்கோம்லா, அதுல முட்டுது. ஆனா எங்க இருந்து வந்திருக்குன்னு பாரு."

கப்பலிலிருந்து வந்திருந்தது. பெயர்: இசக்கியம்மாள். வகை: வர இயலாதவர்.

பிரிசில்லா இரண்டு மூன்று தடவை படித்தாள். கை தவறி வேறு வகையை அழுத்திவிட்டாரோ என்று முதலில் நினைத்தாள். அந்தக் கை அப்படித் தவறுகிற கை இல்லை. செயலி வழியாகவே கேட்டு எழுதினாள்: "நீங்க திரும்பி வரலையாக்கா?"

கப்பல் அதற்குள் வெகுதூரம் போயிருந்தது. பதில் வர மறுநாள் ஆகிவிட்டது.

"நட்டுட்டு அப்படியே விட்டுட்டு வந்துரச் சொல்லுதாங்க பிரிசி. முளைச்சு வர்றதப் பாத்துக்க ஆள் வேண்டாமா? விதை எடுத்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நிலையத்துல சொன்னா என்னை ஏத்த மாட்டாங்க. கூட வர்றவங்களுக்குத் தெரியும். அழுதாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க. அங்க எனக்கு வேலை நிறைய இருக்கு, பயம் இல்ல. ஆனா அன்னைக்கு அந்த மணல்ல எனக்கும் ஒரு இடம் இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. முடியுமா?"

மைதீன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

"வரதன் சாருக்குச் சொல்லணுமா?" என்றான் திரும்பாமலே.

"அக்கா நினைச்சா அவியளே சொல்லுவாவ. இது நம்ம சொல்லுததுக்கான சேதி இல்ல."

"அப்ப இந்தக் கோளாறு?"

"கோளாறு இல்ல மைதீன். விதியத்தான் நாம தப்பா எழுதிட்டோம். கூப்பிடுதவங்க எப்பவும் வீட்டுலயே இருப்பாங்கன்னு நினைச்சுட்டோம்."

அந்த விதி ஒரே ஒரு வரி. அதை அழித்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்ததால் சரியான வரியைத்தான் அழிக்கிறோமா என்று இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது. பிறகு அந்த டிக்கெட்டை மறுபடி உருவாக்கச் சொன்னாள். இந்தத் தடவை எந்தக் கட்டமும் சிவக்கவில்லை.

வரைபடத்தில் கடலுக்குள் தள்ளி, புள்ளிகளின் கடைசி விளிம்பில் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் நீலம். அக்கா இவ்வளவு தள்ளித் தனியாகவா இருப்பது என்று பிரிசில்லாவுக்குத் தாங்கவில்லை. அடுத்த இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று விசைப்பலகையை இழுத்தாள்.

முதல் எழுத்தைத் தட்டுவதற்குள் அந்த இடம் நிறைந்துவிட்டது. உலகத்தின் ஏதோ மூலையில், பெயர் தெரியாத யாரோ ஒருவர் வந்து இசக்கியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். அதற்கும் பக்கத்தில் இன்னொருவர்.

பிரிசில்லா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். கன்னத்தைத் துடைக்காமல், நீலத்தின் மேல் வெள்ளை நகர்ந்து நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.